கிட்டாருக்குக் கனத்த குரல்: பிக்கப் மாற்றுவது எப்படி?

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கி ஆறேழு மாதம் ஆனதும் நிறையப் பேருக்கு ஒரு குறை மனதில் வந்து உட்காரும். ஆம்பில் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஒலியை முறுக்கேற்றும் கெயின் குமிழை முழுசாகத் திருப்பியாகிவிட்டது, டிஸ்டார்ஷன் பெடலும் போட்டாகிவிட்டது. ஆனாலும் பிடித்த இசைக்குழுவின் பதிவில் கேட்கிற கனம் நம் கையில் வரவில்லை. ஆறாவது, அதாவது மிகத் தடித்த தந்தியை அடித்தால் நெஞ்சில் வந்து மோத வேண்டும். அதற்குப் பதில் தேன்கூட்டைக் கலைத்த மாதிரி இரைகிறது. அப்போதுதான் யாராவது சொல்வார்கள்: "பிக்கப்பை மாத்திப் பாரு."

சரியான யோசனைதான். தந்திகளுக்குக் கீழே இருந்து அவற்றின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்புக்கு அனுப்பும் பாகம்தான் பிக்கப். வீட்டு மேசையில், ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடக்கூடிய வேலை. சால்டரிங் அயர்னை வாழ்க்கையில் தொட்டதே இல்லை என்றாலும் கற்றுக்கொண்டு செய்துவிடலாம். ஆனால் கடைக்குப் போகும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: கனமும் சத்தமும் வேறுவேறு. கெயின் ஏற்றிய பிறகும் தடித்த தந்தியின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுந்தால், அதைத்தான் கேட்பவர்கள் "என்ன கனம்!" என்கிறார்கள். சத்தம் அதிகம் வருகிற பிக்கப் என்று மட்டும் பார்த்து வாங்கினால், முன்பு இருந்த குழப்பமே இன்னும் பெரிய சத்தத்தில் கேட்கும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பிளாக் சாபத் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 17 வயதில் தகரப் பட்டறை இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். அவர் இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே போயின. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுறை செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய தந்திகளைப் போட்டு வாசித்தார். 1971 வாக்கில் பிளாக் சாபத் பதிவுகளில் தந்திகளை மூன்று அரைச்சுரம் தளர்த்தி வாசிக்கத் தொடங்கினார். ஹெவி மெட்டலின் அடித்தளம் என்று உலகமே சொல்லும் ஒலி அது. அவருடைய கிப்சன் எஸ்ஜி கிட்டாரில் இருந்தவை பி-90 வகைப் பிக்கப்புகள், அதாவது ஒற்றைச் சுருள். இன்றைய 'ஹை அவுட்புட்' ஹம்பக்கர்கள் (அதிகச் சத்தம் தரும் இரட்டைச் சுருள் பிக்கப்புகள்) எதுவும் அப்போது கடையில் கிடையாது.

பிக்கப்புக்குள் என்ன இருக்கிறது?

காந்தம், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, பல்லாயிரம் சுற்று. அவ்வளவுதான். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் கூடவே அசைகிறது, அந்த அசைவு சுருளில் சிறு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது, அது ஒயர் வழியாக ஆம்புக்குப் போகிறது.

இந்தச் சுருள் தந்தியின் அசைவை மட்டும் பிடிப்பதில்லை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த உறுமல், டியூப்லைட், பேன் ரெகுலேட்டர் எல்லாமே உள்ளே வரும். சாதாரண வாசிப்பில் பொறுத்துக்கொள்ளலாம். கெயின் ஏற்றினால் தந்தியின் ஒலி பெருகுகிற அதே அளவுக்கு உறுமலும் பெருகும். 1955-இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் காந்த முனையையும் சுற்றும் திசையையும் மற்றதற்கு எதிராக்கினார். வெளியிலிருந்து வரும் உறுமல் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும்; தந்தியின் ஒலி இரண்டிலிருந்தும் கூடி வரும். இதுதான் ஹம்பக்கர். கனத்த இசைக்காரர்கள் பெரும்பாலும் இதற்கு வந்து சேர்ந்ததற்கு முதல் காரணம் இந்த அமைதி. அடித்துவிட்டுச் சட்டென்று தந்தியை அமுக்கி நிறுத்தினால், அந்த இடைவெளி உண்மையிலேயே வெறுமையாக இருக்க வேண்டும். அங்கே 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டிருந்தால் அடுத்த அடிக்கு வலு இருக்காது.

சுற்று கூடினால் வெளியீடு கூடும். ஆனால் கூடவே மேல் அதிர்வெண்கள் மங்கும், நடு ஒலி தடிக்கும். அளவோடு இருந்தால் இது நன்மை. மிஞ்சிப்போனால் போர்வைக்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி ஆகிவிடும். காந்தத்தைப் பொறுத்தவரை முக்கியமாக இரண்டு வகை. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்னிகோ மென்மையாகவும் உருண்டையாகவும் பேசும். செராமிக் கறாராகப் பேசும், அடி விழுந்த கணத்தில் கூர்மை இருக்கும். வேகமான கனத்த இசைக்கு செராமிக் பக்கம் பலர் போவது அதனால்தான்.

வாங்கும் முன்: செலவில்லாத மூன்று சோதனைகள்

பிக்கப்பின் உயரத்தைப் பாருங்கள். கடையிலிருந்து வரும் கிட்டார்களில் பிரிட்ஜ் பிக்கப் (தந்திகள் உடலில் முடியும் உலோகப் பகுதியான பிரிட்ஜுக்கு அருகில் இருப்பது) பல நேரம் தந்தியிலிருந்து வெகு தாழ்வாக இருக்கும். இரண்டு பக்கத்துத் திருகுகளையும் திருப்பி ஏற்றிக் கேளுங்கள். அடுத்து, தந்தி. 9-42 செட் (மிக மெல்லிய, மிகத் தடித்த தந்திகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்டுக்கொண்டு ஆறாவது தந்தியை டி வரைக்கும் இறக்கினால் அது கயிறு மாதிரி ஆடும், எந்தப் பிக்கப்பாலும் அதைக் காப்பாற்ற முடியாது. 10-46 அல்லது 10-52 போட்டுப் பாருங்கள். மூன்றாவதாக, ஆம்பில் கெயினைக் கால்வாசி குறைத்து, மிட் குமிழைக் கூட்டுங்கள். நடு ஒலியை முழுக்க அறுத்துவிட்டு பேஸ், ட்ரெபிள் இரண்டையும் ஏற்றுவது தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்த உடனே கிட்டார் காணாமல் போகும்.

இந்த மூன்றையும் செய்த பிறகும் தடித்த தந்தி கொழகொழவென்று இருந்தால், அல்லது உறுமல் தாங்க முடியவில்லை என்றால், சரி, பிக்கப் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

எதை வாங்குவது?

நான் மாற்றியது ஸ்ட்ராடோகாஸ்டர் வடிவக் கிட்டார். பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், நடுவிலும் கழுத்துப் பக்கமும் சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள். கடைக்காரர்கள் எச்.எஸ்.எஸ். என்பார்கள். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களிடம் அதிகம் இருப்பதும் இந்த வகைதான் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். கனத்த ஒலிக்கு பிரிட்ஜ் பிக்கப் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். மூன்றையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். எது எதனால் மாறியது என்று தெரியாமல் போய்விடும்.

தனியாக வாங்கி மாட்டும் பிக்கப் என்ற வியாபாரமே 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் லாரி டிமார்சியோ செய்த சூப்பர் டிஸ்டார்ஷனிலிருந்துதான் பெரிதாகக் கிளம்பியது. செராமிக் காந்தம், சுமார் 13.7 கிலோ ஓம் மின்தடை. பழைய கிப்சன் ஹம்பக்கர்கள் 7 முதல் 9 வரை, ஸ்ட்ராடோகாஸ்டரின் சிங்கிள் காயில் 6 பக்கம் என்று வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். தடித்த நடு ஒலி, நல்ல உந்துதல். சீமோர் டங்கன் நிறுவனத்தின் ஜேபி அல்னிகோ காந்தம் கொண்டது, 16 கிலோ ஓமுக்கு மேல். தனி வாசிப்பில் பாடும். ஆனால் மிகத் தாழ்ந்த சுருதியில் கொஞ்சம் நெகிழும் என்பது என் காதுக்குத் தோன்றுவது. அதே நிறுவனத்தின் 'டிஸ்டார்ஷன்' செராமிக், இன்னும் இறுக்கம். எனக்கு டி சுருதிக்குக் கீழே பிடித்தது இந்த வகைதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிலோ ஓம் கணக்கை மதிப்பெண் மாதிரி வைத்து ஒப்பிடாதீர்கள். கம்பி மெலிந்தாலே மின்தடை ஏறிவிடும், காந்தத்தின் வலுவை அந்த எண் சொல்லாது. 16 என்பது 8-ஐப் போல இரண்டு மடங்கு சத்தம் என்று பொருள் இல்லை.

இஎம்ஜி 81 போன்ற ஆக்டிவ் பிக்கப்புகள் தனி ரகம். உள்ளேயே சிறு முன்பெருக்கி இருக்கும், 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் கர்க் ஹாமெட்டும் பல்லாண்டுகள் இவற்றோடு வாசித்தவர்கள். உறுமல் ஏறக்குறைய இருக்காது, இறுக்கம் அபாரம். ஆனால் இவற்றுக்கு 25 கே (கிலோ ஓம்) வால்யூம் கன்ட்ரோல், ஸ்டீரியோ ஜாக் (கேபிள் செருகும் துளை), பேட்டரிக்கு இடம் எல்லாம் வேண்டும். சாதாரண சிங்கிள் காயில்களோடு ஒரே கிட்டாரில் கலப்பது தொல்லை. முதல் முயற்சிக்கு வேண்டாம். இரண்டு ஹம்பக்கர் கிட்டார் வைத்திருந்து இரண்டையும் சேர்த்தே மாற்றுவதென்றால் யோசிக்கலாம்.

வாங்கும் முன் ஸ்கேல் எடுத்து ஒரு அளவு பார்க்க வேண்டும். பிக்கப்பின் மேலே முதல் தந்தி நடுவிலிருந்து ஆறாவது தந்தி நடு வரை எவ்வளவு? 50 மி.மீ. பக்கம் என்றால் சாதாரண ஹம்பக்கர். 52, 53 என்றால் அகல இடைவெளி வகை வாங்குங்கள். டிமார்சியோவில் எஃப்-ஸ்பேஸ்டு என்றும் டங்கனில் ட்ரெம்பக்கர் என்றும் கிடைக்கும். ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் கிப்சன் ஹம்பக்கர் ஒன்றைக் கழற்றி ஸ்ட்ராடோகாஸ்டர் வடிவக் கட்டையில் மாட்டியபோது இந்த இடைவெளி ஒத்துவரவில்லை. பிக்கப்பைச் சாய்த்து வைத்துத் தந்திகளுக்குக் கீழே கொண்டுவந்தார். சத்தம் கூட்டினால் பிக்கப் கீச்சிட்டது. உருக்கிய மெழுகில் முக்கியெடுத்து அதையும் நிறுத்தினார். இன்று கடையில் வாங்குபவை பெரும்பாலும் மெழுகில் முக்கியே வருகின்றன, அந்த வேலை உங்களுக்கு இல்லை.

மேசையில் என்னென்ன வேண்டும்?

40 வாட் சால்டரிங் அயர்ன், முனை தட்டையாக இருப்பது நல்லது. வெப்பம் மாற்றக்கூடியது கிடைத்தால் 350 டிகிரி செல்சியஸில் வையுங்கள். உள்ளே ரோசின் உள்ள 60/40 ஈயம். குழாய் வேலைக்கு விற்கும் அமிலப் பேஸ்ட் வேண்டவே வேண்டாம், நாளடைவில் ஒயரை அரித்துவிடும். ஈயம் உறிஞ்சும் பம்ப், ஒயர் தோல் உரிக்கும் கட்டர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு பட்டால் சுருங்கி ஒயரை மூடுவது) ஒரு துண்டு, மல்டிமீட்டர், ஈரப் பஞ்சு, மாஸ்கிங் டேப். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் அரை மணி நேரத்தில் எல்லாம் கிடைத்துவிடும். மற்ற ஊர்களில் டிவி, ரேடியோ உதிரிபாகக் கடையில் கேளுங்கள்.

வாங்கும்போதே ஒரு 500 கே பாட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள். பாட் என்பது வால்யூம் குமிழுக்குக் கீழே இருக்கும் உருளை. சிங்கிள் காயில் கிட்டார்களில் பெரும்பாலும் 250 கே இருக்கும். ஹம்பக்கரை அதோடு இணைத்தால் ட்ரெபிள் மங்கி, நாம் தேடுகிற கூர்மை போய்விடும். உங்கள் கிட்டாரில் ஏற்கெனவே 500 கே இருக்கலாம். பாட்டின் முதுகில் அச்சிட்டிருக்கும். புதிய பிக்கப் மாட்டியும் ஒலி மந்தமாக இருக்கிறது என்று வருந்திய இரண்டு நண்பர்களின் கிட்டாரைத் திறந்து பார்த்திருக்கிறேன். இரண்டிலும் 250 கேதான் இருந்தது.

திறப்பதும் கழற்றுவதும்

மேசைமேல் பழைய போர்வையை விரித்துக் கிட்டாரை மல்லாக்கப் போடுங்கள், கழுத்துக்குக் கீழே சுருட்டிய துண்டு. தந்திகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கழற்றுங்கள். மிதக்கும் பிரிட்ஜ் (ஸ்பிரிங்கில் நின்று முன்னும் பின்னும் அசையும் வகை) என்றால் தந்தியை எடுத்ததும் பின்பக்க ஸ்பிரிங் அதை உள்ளே இழுக்கும். கட்டையில் மோதாமல் மடித்த துணியை முன்கூட்டியே அடியில் வைத்துவிடுங்கள்.

வெள்ளையோ கறுப்போ, மேலே மூடியிருக்கும் பிக்கார்டைச் சுற்றியுள்ள திருகுகளைக் கழற்றி, மாஸ்கிங் டேப்பில் வரிசையாக ஒட்டி வையுங்கள். பிக்கார்டைச் சட்டென்று தூக்காதீர்கள். ஜாக்குக்குப் போகும் ஒயரும், பிரிட்ஜ் ஸ்பிரிங்கிலிருந்து வரும் எர்த் ஒயரும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். மெதுவாகப் புத்தகம் திருப்புவது போலக் கவிழ்த்து வையுங்கள்.

இப்போது போனை எடுத்துப் படம் பிடியுங்கள். மேலிருந்து ஒன்று, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்று, பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் செலக்டர் சுவிட்சுக்கு அருகில் ஒன்று, பாட்டுக்கு அருகில் ஒன்று. எந்த நிற ஒயர் எந்தக் காலில் என்பது படத்தில் தெளிவாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்த பிறகே அடுத்த வேலை.

பிரிட்ஜ் பிக்கப்பிலிருந்து வரும் ஒயரைக் கையால் பின்தொடருங்கள். அதன் சிக்னல் ஒயர் செலக்டர் சுவிட்சின் ஒரு காலுக்குப் போகும். எர்த் ஒயர் வால்யூம் பாட்டின் உலோக முதுகில் ஒட்டியிருக்கும். அந்த இரண்டு இடத்துக்கும் சிறு டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய பிக்கப்பும் அதே இடங்களுக்குத்தான் போகப்போகிறது. சுவிட்சுக்கு இன்னொரு ஒயரும் போனால், உங்கள் கிட்டாரில் ஹம்பக்கரின் ஒரு சுருளை மட்டும் எடுக்கும் வசதி இருக்கிறது என்று பொருள். அதையும் தனியாகக் குறியுங்கள்.

அயர்ன் நன்றாகச் சூடானதும் முனையை ஈரப் பஞ்சில் துடைத்து, பழைய ஈயத்தின்மேல் வையுங்கள். உருகியதும் ஒயரை இழுத்தால் வந்துவிடும். பழைய ஈயம் சில சமயம் பிடிவாதம் பிடிக்கும். அப்போது அதன்மேல் துளி புது ஈயம் சேர்த்தால் உடனே இளகும். பழைய ஒயரைக் குட்டையாக வெட்டிவிடாதீர்கள். பிறகு வேறு கிட்டாரில் மாட்ட அது வேண்டும்.

பிக்கப்பை இரண்டு பக்கத்துத் திருகுகளும் ஸ்பிரிங்குகளும் தாங்கியிருக்கும். கழற்றும்போது ஸ்பிரிங் துள்ளி ஓடும், ஒரு விரலை மேலே வைத்துக்கொண்டு திருப்புங்கள்.

ஒயர்களின் நிறம்

இன்றைய ஹம்பக்கர்களில் நான்கு நிற ஒயர்களும் தோல் இல்லாத ஒரு வெற்று ஒயரும் வரும். இரண்டு சுருள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை, அதனால் நான்கு. வெற்று ஒயர் எர்த்.

சீமோர் டங்கனில் கறுப்பு சிக்னல். சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றோடு ஒன்று முறுக்கிச் சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடி ஓரமாக விட்டுவிட வேண்டும். பச்சையும் வெற்று ஒயரும் எர்த். டிமார்சியோவில் சிவப்புதான் சிக்னல். கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து மூட வேண்டும். பச்சையும் வெற்று ஒயரும் எர்த். இரண்டிலும் கறுப்புக்கு வேறு வேறு வேலை இருப்பதைக் கவனியுங்கள். மற்ற நிறுவனங்களுக்கு இன்னும் வேறு கணக்கு. பெட்டியில் இருக்கும் தாளைப் பார்க்காமல் இன்னொருவர் போட்ட படத்தைப் பார்த்து இணைக்காதீர்கள்.

ஒற்றைச் சுருள் வசதிக்கான ஒயர் உங்கள் கிட்டாரில் இருந்தால், சேர்த்து முறுக்கிய அந்த ஜோடியை மூடி விடாமல் சுவிட்சில் அதே காலுக்குக் கொடுங்கள்.

சால்டர் வைப்பது

முதலில் இரண்டு துண்டு ஒயரை எடுத்து ஏழெட்டு முறை பழகுங்கள். கிட்டாரில் பழகாதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், மூக்கைப் புகைக்கு நேரே கொண்டுபோக வேண்டாம், ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம்.

ஒயர் முனையில் 5 மி.மீ. தோல் உரித்து, இழைகளை முறுக்கி, அதன்மேல் மெல்லிய ஈயப் பூச்சு கொடுங்கள். சுவிட்சின் காலிலும் அப்படியே. இரண்டும் பூசியாகிவிட்டால் சேர்ப்பதற்கு ஒரு விநாடிக்கு மேல் ஆகாது.

பாட்டின் முதுகுதான் எல்லோரையும் சோதிக்கும் இடம். அது பெரிய உலோகம், சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒயரை முதுகில் வைத்து, அயர்னின் தட்டை முனையால் ஒயரையும் உலோகத்தையும் சேர்த்து அழுத்துங்கள். இரண்டு மூன்று விநாடி கழித்து ஈயத்தை அயர்ன் முனையில் தொடாமல், ஒயரும் உலோகமும் சேருமிடத்தில் தொடுங்கள். சூடு ஏறியிருந்தால் அது எண்ணெய் சிந்தியது போலப் பளபளவென்று படரும். படர்ந்ததும் ஈயத்தை எடுங்கள், பிறகு அயர்னை எடுங்கள், ஒயரை மட்டும் ஐந்து விநாடி அசைக்காமல் பிடித்திருங்கள். பளபளப்பு லேசாகக் குறைந்து இறுகுவது கண்ணுக்கே தெரியும். படராமல் மணி மாதிரி உருண்டு நின்றால் அது ஒட்டவில்லை. ஐந்தாறு விநாடிக்குள் ஆகவில்லை என்றால் அயர்னை எடுத்து ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். விடாமல் சுட்டால் பாட்டின் உள்ளே இருக்கும் கரிப் பாதை கெட்டுவிடும்.

என் முதல் முயற்சியில் எர்த் ஒயர் இப்படித்தான் உருண்டையாக நின்றது. ஒட்டிவிட்டது என்று நம்பி மூடிவிட்டேன். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. ஒரு நாள் நண்பர்களோடு ஒத்திகையில் பாட்டு நடுவே அறையே அதிர்கிற மாதிரி உறுமல் கிளம்பியது. தந்தி, பிக்கார்ட் எல்லாவற்றையும் மறுபடி கழற்றிப் பார்த்தால் அந்த ஈய உருண்டை நகத்தால் தட்டியதும் கழன்று விழுந்தது. அன்றிலிருந்து சால்டர் ஆறியதும் ஒவ்வொரு ஒயரையும் லேசாக இழுத்துப் பார்க்காமல் நான் அடுத்ததற்குப் போவதில்லை.

மூடும் முன் சோதனை

தந்தி போடாமலே சோதிக்கலாம். செலக்டர் சுவிட்சைப் பிரிட்ஜ் பக்கம் தள்ளி, வால்யூமை முழுசாகத் திறந்து, ஜாக்கில் கேபிளைச் செருகி மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். 20 கே அளவில், பிக்கப்பின் தாளில் போட்டிருக்கும் எண்ணுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்ட வேண்டும். பாட் பக்கவாட்டில் இணைந்திருப்பதால் அந்தக் குறைவு இயல்பு. பாதிதான் காட்டுகிறது என்றால் ஒரு சுருள் விடுபட்டிருக்கிறது. முறுக்கிய ஜோடியைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் எங்கோ சிக்னல் எர்த்தைத் தொடுகிறது. எதுவுமே காட்டவில்லை என்றால் எங்கோ ஒயர் விட்டிருக்கிறது.

அப்புறம் ஆம்பில் செருகி, சத்தத்தைக் குறைவாக வைத்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் பிக்கப்பின் திருகு வரிசையை மெல்லத் தொடுங்கள். 'டொக்' என்று கேட்கும். திருகுகள் உள்ள சுருள், அவை இல்லாத சுருள் இரண்டிலும் கேட்க வேண்டும். சுவிட்சை மற்ற நிலைகளுக்குத் தள்ளி அந்தந்தப் பிக்கப்பையும் தட்டிப் பாருங்கள். வேலை செய்யும்போது பழைய ஒயர் ஏதாவது விட்டிருக்கலாம்.

எல்லாம் சரி என்றால் ஒயர்கள் பிக்கார்டின் ஓரத்தில் நசுங்காமல் உள்ளே மடித்து மூடுங்கள். திருகுகளை எதிரெதிராக, முதலில் தளர்வாக, பிறகு இறுக்கமாக. கட்டையில் துளை மரத்துளைதான், முரட்டுத்தனமாக முறுக்கினால் மரை தேய்ந்துவிடும்.

உயரம்

புதுத் தந்தி போட்டு, நீங்கள் உண்மையிலேயே வாசிக்கும் சுருதியில் ஏற்றுங்கள். ஆறாவது தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிக்கும் பிக்கப் திருகின் தலைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஸ்கேலால் பாருங்கள். பிரிட்ஜ் ஹம்பக்கருக்கு 2 மி.மீ.யில் தொடங்கலாம். முதல் தந்திப் பக்கம் 1.6. அதன் பிறகு காதுதான் அளவுகோல்.

இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜ் மேல் வைத்து அமுக்கி, ஆறாவது தந்தியில் ஒரே சீராக எட்டு அடி அடியுங்கள். தடித்த தந்திப் பக்கத் திருகை அரைச் சுற்று இறக்குங்கள், மறுபடி எட்டு அடி. இன்னும் அரைச் சுற்று. ஓர் இடத்தில் அந்த எட்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பிரிந்து விழும். உதட்டிலிருந்து மணலைத் துப்பியது போல ஒலி சுத்தமாகும். பலர் பிக்கப்பைத் தந்திக்கு மிக அருகில் ஏற்றினால்தான் கனம் வரும் என்று நினைக்கிறார்கள். தடித்த தந்தியைப் பொறுத்தவரை என் அனுபவம் நேர்மாறு: கொஞ்சம் இறக்கினால்தான் கனம் வருகிறது. அருகில் இருந்தால் சத்தம் கூடி ஆம்ப் சீக்கிரம் திணறிவிடும். வலுவான காந்தம் மிக நெருங்கினால் தந்தியின் அதிர்வையே இழுத்துப் பிடித்துச் சுருதியைக் கலைக்கவும் செய்யும்.

ஆம்பின் கெயினையும் இப்போது குறைக்க வேண்டும். புதிய பிக்கப் ஏற்கெனவே அதிகம் தள்ளுகிறது. பழைய கெயின் அளவிலேயே விட்டால் மறுபடி தேன்கூடுதான். நான் வழக்கமாக 7-இல் வைத்திருந்ததை 5-க்கு இறக்கினேன், கனம் கூடியது.

சிக்கல்கள் வந்தால்

கிட்டார் உறுமுகிறது, ஆனால் தந்தியைத் தொட்டால் அடங்குகிறது: பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை, தந்தி எர்த் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். உறுமல் மட்டும் மிக அதிகம் என்றால் பிக்கார்டின் உட்புறத்திலும் குழியிலும் செம்புத் தகட்டு டேப் ஒட்டி, அதை எர்த்தோடு சேர்க்கலாம். தொட்டாலும் அடங்கவில்லை என்றால் பிரிட்ஜ் ஸ்பிரிங்கிலிருந்து வரும் ஒயர் விட்டிருக்கும். தொட்டால் உறுமல் கூடுகிறது என்றால் ஜாக்கில் இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருக்கும்.

தனியாக வாசித்தால் பிரிட்ஜ் பிக்கப் நன்றாக இருக்கிறது, நடுப் பிக்கப்போடு சேர்த்தால் மட்டும் மெலிந்து, மூக்கால் பேசுவது போலக் கேட்கிறது: இரண்டும் எதிர்த் திசையில் வேலை செய்கின்றன. வேறு வேறு நிறுவனப் பிக்கப்புகளைக் கலந்தால் அடிக்கடி நடக்கும். சிக்னல் ஒயரையும், எர்த்துக்குப் போன நிற ஒயரையும் இடம் மாற்றுங்கள். வெற்று ஒயர் மட்டும் எர்த்திலேயே இருக்கட்டும். முறுக்கிய ஜோடியைத் தொட வேண்டாம்.

பிரிட்ஜ் பிக்கப் தனியாகவே தகர டப்பா மாதிரி ஒலித்தால், ஜோடி நிறங்களைத் தப்பாகச் சேர்த்திருப்பீர்கள்; இரண்டு சுருள்களும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்கின்றன. தாளை மறுபடி பாருங்கள்.

ஆக்டிவ் பிக்கப் மாட்டுபவர்களுக்கு இரண்டு குறிப்பு. இஎம்ஜி மாட்டும்போது பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயரை இணைக்க வேண்டாம் என்று நிறுவனமே சொல்கிறது. வாசித்து முடித்ததும் கேபிளைக் கிட்டாரிலிருந்து உருவிவிடுங்கள். செருகியே இருந்தால் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும்.

புதுத் தந்தி இழுபட்டு நிலைக்க ஒரு நாள் ஆகும். மறுநாள் சுருதி சேர்த்துவிட்டு உயரத்தை இன்னொரு முறை பாருங்கள், அநேகமாகக் கால் சுற்று மாற்ற வேண்டியிருக்கும். கழற்றிய பிக்கப்பை அதன் திருகு, ஸ்பிரிங்கோடு ஒரு கவரில் போட்டு, எந்தக் கிட்டாரிலிருந்து எடுத்தது, எந்த நிற ஒயர் சிக்னல் என்று எழுதி கிட்டார் பையின் பாக்கெட்டிலேயே வைத்துவிடுங்கள்.